ஒன்றரை சென்டிமீட்டர் இடித்த ஜாக்கி: மோட்டார்ஹோமைத் தூக்கப் போகிறவர்களுக்கு

மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. குளிர்காலம் முழுக்க டொராண்டோவில் வீட்டு வாசலில் சும்மா நின்ற மோட்டார்ஹோமை, அதாவது படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வீட்டு வண்டியை, வெளியே எடுக்கலாம் என்று போனால், வலது பக்கப் பின்சக்கரங்களில் வெளி டயர் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது. நான் கவலைப்படவில்லை. இதற்காகத்தானே பாட்டில் போல நிற்கும் எண்ணெய் ஜாக்கி, பாட்டில் ஜாக்கி, வாங்கி வைத்திருக்கிறேன், அதுவும் 12 டன்! அட்டைப்பெட்டியைப் பிரித்து, தரையில் பலகை போட்டு, பின்சக்கரங்களை இணைக்கும் அச்சான ஆக்ஸிலுக்கு அடியில் தள்ளினேன். உள்ளே போகவில்லை. ஒன்றரை சென்டிமீட்டர் இடித்தது.

பலகையை உருவிவிட்டால் ஜாக்கி உள்ளே போகும். ஆனால் வாசலில் பதித்திருப்பது இன்டர்லாக் கல். பனி உருகி முடிந்த மண்ணின் மேல் நிற்கும் அந்தக் கல்லில் பலகை இல்லாமல் ஜாக்கி வைத்தால், வண்டி மேலே போவதற்குப் பதில் கல் கீழே போகும். ஜாக்கியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். டன் தாராளமாகத்தான் இருந்தது. உயரக் கணக்கை மட்டும் நான் பார்க்கவே இல்லை.

புதிதாக மோட்டார்ஹோம் வாங்கும் நண்பர்கள் பெரும்பாலும் கேட்பது, "எத்தனை டன் ஜாக்கி வாங்கட்டும்?" என்றுதான். அந்தக் கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் விடை சொல்லிவிடலாம். ஆக்ஸிலுக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது, கீழே என்ன தரை, தூக்கிய பிறகு வண்டியை எது தாங்கப் போகிறது என்ற மூன்றுக்கும் விடை தேடத்தான் நேரம் எடுக்கும். என்னுடையது ஃபோர்டு ஈ-450 சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், கட்டிய கிளாஸ் சி வண்டி. முன்னால் வேன் முகம், டிரைவர் தலைக்கு மேல் ஒரு படுக்கை, பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர். கனடாவிலும் அமெரிக்காவிலும் இந்த வகை ஏராளம். அதனால் அதை வைத்தே சொல்கிறேன். உங்கள் வண்டி வேறாக இருந்தால் எண்கள் மாறும், அளக்கும் முறை மாறாது.

எடையை முதலில் முடித்துவிடுவோம்

ஓட்டுநர் கதவின் ஓரத்திலோ இருக்கைக்குப் பக்கத்துச் சுவரிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்பது மொத்த வண்டிக்கான எடை வரம்பு. ஈ-450க்கு அது 14,500 பவுண்டு, சுமார் 6,577 கிலோ. ஜி.ஏ.டபிள்யூ.ஆர். என்பது முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் தனித்தனி வரம்பு. நமக்குத் தேவை இந்த இரண்டாவது எண்தான். முழு வண்டியையும் ஒரே சமயத்தில் யாரும் தூக்கப் போவதில்லை.

ஸ்டிக்கரில் இருப்பது வரம்பு மட்டுமே. உண்மையான எடை தெரிய வேண்டுமென்றால் லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்புக்குப் போங்கள். பல இடங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். முன் ஆக்ஸில் ஒரு தட்டிலும் பின் ஆக்ஸில் இன்னொரு தட்டிலும் வரும்படி நிறுத்தினால், இரண்டையும் தனித்தனியாகச் சீட்டில் அச்சடித்துக் கொடுப்பார்கள். தண்ணீர்த் தொட்டி, பெட்ரோல், புரொப்பேன் எல்லாம் நிரப்பிக்கொண்டு, பயணத்துக்குப் போகிற கோலத்திலேயே போங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 150 லிட்டர் தொட்டியைக் காலியாக வைத்து எடை போட்டால் 150 கிலோ கணக்கில் வராது.

எனக்கு வந்தது முன்னால் 1,890 கிலோ, பின்னால் 4,180 கிலோ. பின் ஆக்ஸிலின் ஒரு பக்கத்துக்கு அதில் பாதி, 2,090 கிலோ. ஆனால் மோட்டார்ஹோமில் இரண்டு பக்கமும் ஒரே எடை இருக்காது. ஃபிரிட்ஜ், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒரே பக்கத்தில் அமைந்திருக்கலாம். அதனால் பத்து சதவீதம் கூட்டி 2,300 கிலோ என்று வைத்துக்கொண்டேன். ஜாக்கியின் மேல் எழுதியிருக்கும் அளவில் பாதிக்கு மேல் ஏற்றுவதில்லை என்பது என் வழக்கம். ஆக எனக்கு வேண்டியது 4,600 கிலோ. இங்கே கடையில் 6 டன் என்று போட்டிருந்தால் அது 12,000 பவுண்டு, அதாவது 5,443 கிலோ. அமெரிக்க டன் 2,000 பவுண்டுதான், நம் மெட்ரிக் டன்னைவிடச் சற்றுச் சிறியது. அப்படிப் பார்த்தாலும் எனக்கு 6 டன் போதும்.

உயரம்தான் முடிவு செய்யும்

பாட்டில் ஜாக்கியில் டன் கூடக் கூட அதன் மடக்கிய உயரமும் பெரும்பாலும் கூடும். பெரிய டன் வாங்கினால் பாதுகாப்பு என்று நினைத்து, அடியிலேயே நுழையாத ஜாக்கியோடு வீட்டுக்கு வருகிறோம். என் 12 டன் ஜாக்கி முழுக்க இறக்கிய நிலையில் 24 செ.மீ. அதன் அடியில் இரண்டு பிளைவுட் பலகை, 3.6 செ.மீ. மொத்தம் 27.6. தட்டை டயரோடு நான் தூக்க வேண்டிய இடத்துக்கும் தரைக்கும் நடுவே இருந்தது 26 செ.மீ. அதே கடையில் இருந்த 6 டன் ஜாக்கி 21.6 செ.மீ. பலகையோடு 25.2. அழகாக உள்ளே போயிற்று.

அதனால் கடைக்குப் போகும் முன் அளவு நாடாவோடு வண்டிக்கு அடியில் ஒருமுறை எட்டிப் பாருங்கள். மூன்று அளவு எடுக்க வேண்டும். முதலாவது, தூக்கும் இடத்திலிருந்து தரை வரை உள்ள உயரம். அதை நல்ல டயரோடு அளந்துவிட்டு, தட்டை டயருக்காகக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். பின்னால் இரட்டை டயர் என்றால் இன்னொரு டயர் தாங்கிக்கொள்ளும், இரண்டு மூன்று சென்டிமீட்டர் கழித்தால் போதும். முன்னால் ஒற்றை டயர். அது காற்று இறங்கினால் வண்டி ரிம் வரைக்கும் உட்கார்ந்துவிடும், அதனால் அங்கே தாராளமாகக் கழியுங்கள். முன்பக்கத்துக்கு ஜாக்கி நுழையாமல் தவிப்பவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது, எவ்வளவு தூக்க வேண்டும் என்பது. ஆக்ஸிலைப் பிடித்துத் தூக்கினால் எட்டுப் பத்து சென்டிமீட்டர் ஏறினால் போதும், சக்கரம் கழன்று வந்துவிடும். சேஸிஸைப் பிடித்துத் தூக்கினால் கதை வேறு. ஜாக்கி சேஸிஸை ஏற்றும்போது ஸ்பிரிங் விரிந்துகொண்டே போகும், டயர் தரையிலேயே இருக்கும். ஸ்பிரிங் முழுக்கத் தொங்கிய பிறகுதான் டயர் தரையை விடும். அதற்குள் வண்டியை இன்னும் ஒரு சாண் உயரத்துக்காவது கொண்டுபோயிருப்பீர்கள். அந்த உயரத்தில் மோட்டார்ஹோம் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தால் பக்கத்தில் நிற்கப் பிடிக்காது. டயர் மாற்ற ஆக்ஸில்தான் சரியான இடம்.

மூன்றாவது அளவு பக்கவாட்டில். ஜாக்கியின் கைப்பிடியை ஏற்றி இறக்க இடம் இருக்கிறதா? உள் டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஜாக்கியை நிறுத்திவிட்டு, கைப்பிடி போடும் துளை டயரைப் பார்த்தபடி இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. துளை வெளிப்பக்கம் வரும்படி ஜாக்கியைத் திருப்பி வைத்து ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

எந்த ஜாக்கி

பாட்டில் ஜாக்கிதான் மோட்டார்ஹோமுக்குப் பொதுவான விடை. சின்னது, நேராக மேலே போகும், விலையும் கம்மி. ஆனால் அடிப்பகுதி உள்ளங்கை அளவுதான். தலையும் சின்ன வட்டம். உருண்டையான ஆக்ஸில் குழாயின் கீழே வழவழப்பான தட்டைத் தலை நின்றால் இரும்பும் இரும்பும் வழுக்கும். வி வடிவப் பள்ளம் உள்ள தலை கிடைத்தால் அதை வாங்குங்கள். இல்லையென்றால் ஸ்பிரிங் பட்டைகளை ஆக்ஸிலோடு கட்டும் யு-போல்ட்டுகளின் அடித்தகடு போன்ற தட்டையான இடம் பாருங்கள். ஆனால் போல்ட்டு முனையின் மேல் ஜாக்கித் தலை உட்காரக் கூடாது.

சக்கரம் வைத்த டிராலி ஜாக்கி வீட்டு காங்கிரீட் தரைக்கு அருமையானது. தாழ்வாக நுழையும், தலை அகலம். ஆனால் அதன் கை வளைவாக மேலே ஏறுவதால், ஏற ஏற ஜாக்கியே கொஞ்சம் உருண்டு நகர வேண்டும். சக்கரம் உருளாத தரையில், அதாவது புல்லிலும் சரளைக்கல்லிலும், ஜாக்கி நகராமல் தலை இழுபடும். பயணத்துக்கு எடுத்துப் போக அது தோதுப்படாது. எடையும் அதிகம்.

கத்தரி ஜாக்கி பற்றி ஒரு எச்சரிக்கை. மோட்டார்ஹோமின் நான்கு மூலையிலும் ஆட்டம் குறைக்க வைத்திருக்கும் கத்தரிக் கால்கள் தூக்குவதற்கானவை இல்லை. அவை ஏற்கெனவே நிற்கும் வண்டி ஆடாமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டும். அதில் வண்டியைத் தூக்கப் பார்த்தால் திருகுத் தண்டு வளைந்துவிடும்.

பொத்தானை அமுக்கினால் வண்டியைச் சமன் செய்கிற ஹைட்ராலிக் லெவலிங் ஜாக்கிகள் இன்னும் ஆபத்தான ஆசையைக் காட்டும். அவை உண்மையிலேயே சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். தூக்குகிறதே, டயர் மாற்றினால் என்ன? அந்த ஜாக்கிகளைச் செய்பவர்களே கையேட்டில் டயர் மாற்றவும் அடியில் போகவும் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு குழாய் வெடித்தாலோ ஒரு வால்வு கசிந்தாலோ கால் மடங்கிவிடும். பக்கவாட்டு விசை தாங்கவும் அவை செய்யப்படவில்லை. இதோடு சேர்த்து இன்னொன்று: பின்னால் எஞ்சின் உள்ள பெரிய டீசல் வண்டிகளில் காற்று சஸ்பென்ஷன் இருக்கும். காற்று இறங்கினால் சேஸிஸ் ஒரே நொடியில் கீழே வந்துவிடும். சேஸிஸுக்கு ஸ்டாண்டு கொடுக்காமல் அடியில் தலையைக்கூட விடாதீர்கள்.

பழைய ஜாக்கி வாங்கினால் ஒரு சோதனை போதும். எடையோடு தூக்கி, உயரத்தை அளந்து குறித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்துத் திரும்ப அளந்து பாருங்கள். இறங்கியிருந்தால் வேண்டாம். உள்ளே வால்வோ சீலோ போயிருக்கும். எண்ணெய்க் கசிவு கண்ணுக்கே தெரியும்.

தூக்குவது ஒன்று, தாங்குவது இன்னொன்று

எங்கள் தெருவில் லாரி ஓட்டுகிற யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். அந்த 12 டன் நாளன்று வந்து பார்த்துவிட்டு, "தம்பி, உது தூக்கத்தான். தாங்கிறதுக்கு என்ன வச்சிருக்கிறீர்?" என்று கேட்டார். என்னிடம் ஒன்றுமில்லை. நம் ஊர்ச் சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல்லை நினைத்துக்கொண்டேன். தலைச்சுமைக்காரர் தூக்கி வருவார், ஆனால் இளைப்பாற அந்தக் கல்லில்தான் இறக்கி வைப்பார். ஜாக்கி சுமைகாரர். ஒரு ரப்பர் சீல்தான் மொத்த பாரத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கடையில் கிடைப்பது ஜாக் ஸ்டாண்டு. பெட்டியில் போட்ட 6 டன் என்பது ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று பாருங்கள். ஜோடிக்கு என்றால் ஒரு ஸ்டாண்டுக்குப் பாதிதான். எனக்குப் பல் சட்டத்தில் கொக்கி மாட்டும் வகையைவிட, துளைக்குள் கனமான பின் செருகும் வகைதான் பிடிக்கும். பின் உள்ளே போயிருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். 2020இல் அமெரிக்காவின் பெரிய கருவிக் கடைத் தொடர் ஒன்று 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. பல் சட்டமும் கொக்கியும் சரியாகப் பொருந்தாமல், பாரம் அசைந்தால் ஸ்டாண்டு இறங்கிவிடும் என்பது காரணம். மாற்றாகக் கொடுத்தவற்றில் ஒரு மாடலிலும் வெல்டிங் குறை கண்டு, அதையும் அதே ஆண்டு திரும்பப் பெற்றார்கள். பழைய ஸ்டாண்டை யாராவது இலவசமாகக் கொடுத்தால் மாடல் எண்ணை ஒருமுறை சரிபார்த்துவிட்டு வாங்குங்கள்.

இங்கும் உயரம் வந்து உதைக்கும். என்னிடம் உள்ள 6 டன் ஸ்டாண்டின் குறைந்தபட்ச உயரமே 39 செ.மீ. தூக்கிய பிறகும் ஆக்ஸிலுக்கு அடியில் அது நுழையாது. சேஸிஸுக்கு அடியில்தான் நிற்கும். 3 டன் ஸ்டாண்டு ஆக்ஸிலுக்கு நுழையும், ஆனால் பாதிக்கு மேல் ஏற்றுவதில்லை என்ற என் கணக்கில் அதற்கு என் பின்பக்க எடை அதிகம். அதனால் ஆக்ஸிலுக்கு நான் மர அடுக்கு வைக்கிறேன். மீட்புப் படையினர் இடிந்த கட்டடங்களுக்கு முட்டுக் கொடுக்கும் அதே முறை.

மரக்கடையில் 4×4 என்று கேளுங்கள். பெயர்தான் நான்கு அங்குலம், உண்மையில் 3.5, அதாவது 8.9 செ.மீ. அதை 45 செ.மீ. நீளத்துக்கு அறுத்து வாங்குங்கள். இரண்டு கட்டைகளை இணையாக வைத்து, அதன்மேல் இரண்டைக் குறுக்கே வைத்து, மறுபடி இரண்டை முதல் திசையிலேயே வையுங்கள். முனைகள் பத்து சென்டிமீட்டராவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். ஒரு அடுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே நான்கு தொடும் இடங்கள், ஒவ்வொன்றும் சுமார் 79 சதுர செ.மீ. சதுர சென்டிமீட்டருக்கு 35 கிலோ என்று கணக்குப் போட்டாலே 11,000 கிலோ வருகிறது. என் 2,300 கிலோவுக்கு இது ஒன்றுமே இல்லை. உச்சியில் மட்டும் ஆக்ஸில் ஒரு கட்டையின் மேல் தனியாக உட்காராமல், இரண்டு கட்டைகளின் மேல் குறுக்கே படுத்திருக்க வேண்டும். அடுக்கின் உயரம் கட்டையின் நீளத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் பிளைவுட் துண்டால் நிரப்புங்கள்.

ஸ்புரூஸ், ஃபிர் போன்ற மென்மையான மரமே நல்லது. கேட்க விநோதமாக இருக்கும். பாரம் மிஞ்சினால் அது முனகும், மெதுவாக நசுங்கும், நமக்கு விலகிப்போக நேரம் கொடுக்கும். கடின மரம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் பட்டென்று பிளக்கும். கட்டைக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள். வெடிப்பை மறைக்கும், ஈரத்தில் வழுக்கும்.

ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். செங்கலும் வேண்டாம். சுவரில் பாரத்தைப் பரவலாகத் தாங்குகிற அதே கல், ஒரு புள்ளியில் இரும்பு அழுத்தினால் நொறுங்கிவிடும். முன்னறிவிப்பே கிடையாது. முகாமில் வண்டியைச் சமன் செய்ய ஓட்டி ஏற்றும் மஞ்சள் பிளாஸ்டிக் கட்டைகளும் டயருக்கு அடியில் வைக்க மட்டுமே.

தரை

பாட்டில் ஜாக்கியின் அடித்தகடு சுமார் 12 செ.மீ. சதுரம், 144 சதுர செ.மீ. அதன்மேல் 2,300 கிலோ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 16 கிலோ. ஜூலை மாத வெயிலில் இளகிய தார்ச்சாலை இதைத் தாங்காது, ஜாக்கி அச்சுப் பதித்துக்கொண்டு உள்ளே போகும். அதே பாரத்தை 45 செ.மீ. சதுரப் பலகையில் பரப்பினால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ சொச்சம்தான். 18 மி.மீ. பிளைவுட் இரண்டை, நார்த்திசை ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி ஒட்டித் திருகி வைத்திருக்கிறேன். ஒற்றைப் பலகை வேண்டாம், நடுவில் வளையும்.

ஒருமுறை பலகை இருந்தும் ஏமாந்தேன். வாசலின் ஓரத்து இன்டர்லாக் கல்வரிசையில் பலகையின் ஒரு ஓரம் விழுந்திருந்தது. ஓரக் கற்களுக்குப் பக்கத்தில் பிடிமானம் கிடையாது. நாலைந்து முறை கைப்பிடியை அழுத்தியதும், "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். பார்த்தால் ஒரு கல் மட்டும் விரல் அகலம் இறங்கி, ஜாக்கி வண்டியின் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. நூல் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு. கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்காமல் வால்வை மெல்லத் திறந்து இறக்கினேன். அன்றிலிருந்து ஒரு சின்ன ரசமட்டத்தை ஜாக்கியோடு கட்டி வைத்திருக்கிறேன். நான்கு முறை அழுத்தினால் ஒருமுறை அதைப் பார்ப்பேன்.

சக்கரத்துக்குக் கட்டை போடுவது ஏன் இவ்வளவு முக்கியம்

ஊரில் லாரி நின்றதும் கிளீனர் முதல் வேலையாகக் குதித்துக் கட்டை போடுவார். நாம் கியரைப் பார்க்கில் போட்டுவிட்டுத் திருப்தியாகிவிடுகிறோம். பின்சக்கரத்தைத் தூக்கும்போது அந்தப் பார்க் பயனற்றது. ஏன் என்று சொல்கிறேன்.

பார்க் நிலை பிடிப்பது கியர்பெட்டியிலிருந்து வரும் தண்டை மட்டும்தான். அந்தத் தண்டு டிஃபரன்ஷியல் வழியாக இரண்டு பின்சக்கரங்களுக்கும் போகிறது. டிஃபரன்ஷியலின் வேலையே ஒரு சக்கரம் ஒரு வேகத்திலும் மற்றது வேறு வேகத்திலும் சுற்ற விடுவது. தண்டைப் பிடித்து நிறுத்தினாலும், வலது சக்கரம் முன்னோக்கிச் சுற்றினால் இடது சக்கரம் பின்னோக்கிச் சுற்றும், அவ்வளவுதான். இரண்டும் தரையில் இருக்கும்வரை இது நடக்காது. வலது சக்கரத்தைக் காற்றில் தூக்கிவிட்டால் அது தாராளமாகத் திரும்பும், இடது சக்கரமும் அதற்கேற்றபடி உருளும். வண்டி நகர்ந்து ஜாக்கியைச் சாய்த்துவிடும்.

ஹேண்ட் பிரேக் இருக்கிறதே என்பீர்கள். என் வண்டியில் அது பின்சக்கரங்களிலேயே வேலை செய்வதால் ஓரளவு உதவும். ஃபோர்டு எஃப்-53 சேஸிஸில் கட்டிய பெரிய வண்டிகள் பலவற்றில் பார்க்கிங் பிரேக்கும் அந்தத் தண்டில்தான் இருக்கிறது. அங்கே பார்க்கும் பிரேக்கும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். பின்னால் தூக்கினால் உண்மையான பிரேக் என்பது முன்சக்கரங்களுக்கு நீங்கள் போடும் கட்டைதான். இரண்டு முன்சக்கரங்களுக்கும், ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும், டயரோடு இறுக்கி. கனமான ரப்பர் கட்டை வாங்குங்கள். வழியில் கிடக்கும் கல் வேண்டாம்.

தூக்கும் வரிசை

சரி, இப்போது வேலைக்கு இறங்கலாம். முதலில் எல்லோரையும் வண்டியிலிருந்து இறக்குங்கள், நாய் பூனை உட்பட. உள்ளே ஒருவர் நடந்தாலே வண்டி ஆடும். பக்கவாட்டில் விரியும் அறையை உள்ளே இழுத்துவிடுங்கள், மூலைக் கால்களை மடக்குங்கள், புரொப்பேனைச் சிலிண்டரிலேயே மூடுங்கள், பின்னால் கார் இழுத்து வந்திருந்தால் கழற்றுங்கள். சாவி உங்கள் பையில் இருக்கட்டும். பார்க்கும் ஹேண்ட் பிரேக்கும் போட்டுவிட்டுக் கட்டை போடுங்கள்.

வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். இதை மறந்து தூக்கிய பிறகு நீண்ட ஸ்பானரில் ஏறி மிதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜாக்கி மேல் நிற்கும் ஆறு டன் வண்டியை ஆட்டுகிற வேலை அது.

ஜாக்கியை எங்கே வைப்பது என்பதை உங்கள் வண்டிக் கையேடு சொல்லும், அதுதான் கடைசிச் சொல். பொதுவாகப் பின்னால் ஆக்ஸில் குழாயில் ஸ்பிரிங்குக்குப் பக்கம். நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டையில் வைத்தால் வண்டி தராசு மாதிரி இரண்டு பக்கமும் சாயும். ஈ-450இன் முன்பக்கம் இரட்டை ஐ-பீம் அமைப்பு, கையேட்டில் காட்டிய இடத்தைத் தவிர வேறு எங்கும் வைக்காதீர்கள். ஷாக் அப்சார்பர் கால், ஸ்வே பார், பிரேக் குழாய், தண்ணீர்த் தொட்டி, வீட்டுப் பகுதியின் தரையைத் தாங்கும் மெல்லிய சட்டங்கள் எதுவும் தூக்கும் இடம் இல்லை.

ஜாக்கியின் தலை தொடும்வரை ஏற்றிவிட்டு நிறுத்தி, எழுந்து, முன்னாலும் பக்கத்திலும் நின்று பாருங்கள். செங்குத்தாக இருக்கிறதா? பிறகு இரண்டு சென்டிமீட்டர் மட்டும் தூக்கி, இன்னொரு சுற்று வாருங்கள். கட்டை நகர்ந்ததா, பலகை புதைந்ததா? எல்லாம் சரியென்றால் மேலே போங்கள். ஒவ்வொரு முறை ஏறும்போதும் மர அடுக்கையும் கூடவே ஏற்றிக்கொண்டே போங்கள், இடைவெளி ஒரு விரலுக்கு மேல் போகாமல். கட்டையைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளுங்கள், கை ஆக்ஸிலுக்கும் கட்டைக்கும் நடுவே போகவே கூடாது. ஜாக்கி தவறினால் வண்டி ஒரு விரல் அகலம்தான் விழும்.

போதுமான உயரம் வந்ததும் ஜாக்கி வால்வை மெல்லத் திறந்து பாரத்தை அடுக்கின் மேல் இறக்குங்கள். ஜாக்கியை எடுத்துவிட வேண்டாம், தொட்டும் தொடாமலும் காவலுக்கு நிற்கட்டும். இப்போது வண்டியைத் தோளால் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். முனகல், அசைவு எதுவும் இருந்தால் நட்டுகளைக் கழற்றும் முன் திரும்ப இறக்கிச் சரிசெய்யுங்கள். கழற்றிய சக்கரத்தைச் சேஸிஸுக்கு அடியில் படுக்கப் போடுங்கள், அதுவும் ஒரு முட்டு. டயர் மாற்ற இவ்வளவு போதும். அடியில் படுத்துப் பிரேக் வேலையோ எண்ணெய் வேலையோ பார்ப்பதென்றால் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கிய மோட்டார்ஹோமின் அடியில் நான் படுக்க மாட்டேன்.

ஒரு மூலையை அளவுக்கு மேல் தூக்கினால் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் மர, ஃபைபர் வீடும் சேர்ந்து முறுக்கும். வாசல் கதவு சட்டத்தில் பிடிக்கிறதா என்று பார்த்தால் புரிந்துவிடும்.

மாற்றி முடித்ததும் நட்டுகளைக் கையால் முடுக்கி, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் எதிரெதிராக, கையேட்டில் போட்ட அளவுக்கு இறுக்குங்கள். முதல் 160 கிலோமீட்டருக்குள் மறுபடி ஒருமுறை. இரட்டை டயர் சக்கரங்களில் நட்டு தளர்வது சகஜம்.

எப்போது தொடவே கூடாது

நெடுஞ்சாலை ஓரம். அதுவும் பழுதான டயர் போக்குவரத்துப் பக்கம் இருந்தால் பேச்சே வேண்டாம். லாரி ஒன்று அருகில் போகும் காற்றுக்கே மோட்டார்ஹோமின் உயரமான சுவர் ஆடும். சரிவான இடம், ஈர மண், பலத்த காற்று எல்லாமும் அப்படித்தான். சிஏஏ போன்ற சாலை உதவிச் சேவைகளில் மோட்டார்ஹோமுக்கென்று தனித் திட்டம் இருக்கிறது. சாதாரணக் கார் உறுப்பினர் அட்டை இவ்வளவு பெரிய வண்டிக்குச் செல்லுபடியாகுமா என்று பயணத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள். பல மோட்டார்ஹோம்கள் ஜாக்கியும் ஸ்டெப்னியும் இல்லாமலே விற்கப்படுகின்றன, இதையும் வாங்கும்போதே பாருங்கள்.

வாங்கும் வரிசை என்னைக் கேட்டால் இப்படி: முதலில் ரப்பர்க் கட்டை நான்கு, அடுத்து பலகை, அப்புறம் மரக்கட்டைகளோ ஸ்டாண்டோ, கடைசியாக ஜாக்கி. பணம் பற்றாக்குறை வந்தால் கடைசியில் இருப்பதுதான் தள்ளிப் போகும். ஜாக்கி இல்லாதவர் உதவிக்கு அழைப்பார். ஜாக்கி மட்டும் வைத்திருப்பவர்தான் தூக்கிப் பார்ப்பார்.

ஜாக்கியை வண்டியில் நிமிர்த்தியே வைத்துக் கட்டுங்கள். படுக்கப் போட்டால் எண்ணெய் கசியும், உள்ளே காற்றுப் புகுந்து கைப்பிடி பஞ்சு போல இறங்கும். அப்படி ஆனால் பாரம் இல்லாமல் வால்வைத் திறந்து ஏழெட்டு முறை அழுத்தி, மூடி, மறுபடி ஏற்றிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். நான் அந்தப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். பின்னால் 26, முன்னால் 22, நட்டு அளவு, கையேட்டில் பக்க எண். இருட்டில் டார்ச் அடித்துப் படிக்கும்படி பெரிய எழுத்தில்.